பெரம்பலூர் ஓடையில் ‘மீன்பல்லி’யின் பல்! காரை செம்மண் மேட்டில் 10 கோடி ஆண்டுக் கடல்

காரைக்குடி அல்ல, வெறும் காரை. பெரம்பலூர் மாவட்டம் ஆலத்தூர் தாலுகாவில் இருக்கிறது இந்த ஊர். திருச்சி - சென்னை நெடுஞ்சாலையில் பாடாலூரில் இறங்கி, கிழக்குப் பக்கம் உள்ளே போக வேண்டும். மக்காச்சோளமும் பருத்தியுமாகக் கூடவே வரும் வயல்கள், காரையைத் தாண்டி கொளக்காநத்தம் போகும் வழியில் சட்டென்று நின்றுவிடுகின்றன. அதற்கப்புறம் செங்காவியும் மஞ்சளும் சாம்பலுமாக மண் மேடுகள். மேட்டுக்கு மேடு நடுவே மழைத்தண்ணீர் அறுத்துப்போட்ட பள்ளங்கள். புல் பூண்டு அதிகம் முளைக்காத அந்த வெளியை முதல்முறை பார்க்கிறவர்களுக்கு, செவ்வாய்க் கிரகத்தில் எடுத்த போட்டோ ஞாபகத்துக்கு வரும்.

ரீல்ஸ் எடுக்க அருமையான இடம். நிமிர்ந்து பார்க்கிறவர்களுக்கு அவ்வளவுதான். குனிந்து பார்த்தால் கடல் தெரியும்.

கால் பக்கத்திலேயே கிடக்கும். துப்பாக்கித் தோட்டா மாதிரி ஒரு முனை கூராக, பழுப்பு நிறத்தில், சுண்டுவிரல் பருமனில் ஒரு கல். அது பெலம்னைட். கணவாய் மீனின் சொந்தக்காரரான ஒரு கடல் பிராணியின் உடம்புக்குள் இருந்த கெட்டியான பகுதி. இன்னும் நாலடி தள்ளி, ஆட்டுக்கடாவின் கொம்பு போலச் சுருண்ட ஓடு ஒன்று பாதி உடைந்து கிடந்தால் அது அம்மோனைட். நேபாளத்தின் கண்டகி நதியிலிருந்து வந்து நம் வீட்டுப் பூஜை அறைகளில் இருக்கும் சாளக்கிராமத்தில் ஒரு சக்கரம் தெரியுமே, அதுவும் அம்மோனைட்தான். அங்கே ஆற்றில் தேடி எடுத்து ஆராதிக்கிறோம். இங்கே அதன் மேல் ஆடு நடந்து போகிறது.

நடுவில் கண்ணாடிச் சில்லு மாதிரி மின்னுவதைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. அது ஜிப்சம். மண்ணில் ஊடுருவிக் கிடக்கும் உப்புப் படிவம். எல்லோரும் முதலில் அதைத்தான் கையில் எடுப்பார்கள்.

இங்கிருந்து இன்றைய வங்கக் கடல் சுமார் 100 கிலோமீட்டர். அண்டார்டிகாவோடு ஒட்டிக்கொண்டிருந்த இந்தியா பிய்த்துக்கொண்டு வந்தபோது, கிழக்கு ஓரத்தில் பள்ளம் விழுந்து கடல் உள்ளே புகுந்தது. பல கோடி ஆண்டுகள் அந்தக் கடல் இங்கே ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. ராஜேந்திர சோழன் கடாரத்துக்குக் கப்பல் விட்ட கங்கைகொண்ட சோழபுரம் பக்கத்து அரியலூர் மாவட்டத்தில்தான் இருக்கிறது. அவன் கடலைத் தேடி அத்தனை தூரம் போனான். அவன் தலைநகரத்துக்கு மேற்கே சில காத தூரத்திலேயே ஒரு கடல் மண்ணுக்குள் கிடந்தது.

கோயிலுக்குப் பேர்போன ஊர்... பாறைக்கும்!

பாடாலூர் பக்கத்தில் இருக்கும் ஊட்டத்தூர் சுத்தரத்தினேஸ்வரர் கோயிலுக்குச் சிறுநீரகக் கோளாறு தீர வேண்டிக்கொண்டு தமிழ்நாடு முழுக்க இருந்து பக்தர்கள் வருகிறார்கள். உலகத்தின் இன்னொரு கூட்டத்துக்கும் ‘ஊட்டத்தூர்’ என்ற பெயர் மனப்பாடம். புவியியல் படிக்கிறவர்கள்! இந்தப் பகுதியின் பழைய கடல் படிவுகளை மூன்று தொகுதியாகப் பிரித்து ஊட்டத்தூர், திருச்சினாப்பள்ளி, அரியலூர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கலியுக வரதராஜப் பெருமாள் கோயில் இருக்கும் கல்லங்குறிச்சியின் பெயரும் ஒரு சுண்ணாம்புப் பாறைக்கு உண்டு.

இந்தப் பெயர் சூட்டலுக்கு வயது 160-க்கும் மேல். 1840-களிலேயே கே, கன்லிஃப் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிப் பக்கங்களில் பொறுக்கிய கல் சிப்பிகள் லண்டனுக்குப் போய், 1846-ல் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் அவற்றைப் பற்றி எழுதினார். பிறகு இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் (ஜி.எஸ்.ஐ.) ஹென்றி பிளான்ஃபோர்ட் இந்தப் பகுதியைச் சுற்றிச் சுற்றி அளந்து, 1862-ல் விரிவான அறிக்கை கொடுத்தார். கிடைத்த ஓடுகளை ஒவ்வொன்றாக வரைந்து, பெயரிட்டுப் புத்தகமாக்கியவர் ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா. அந்த வேலை முடிந்த மறு வருடம், 1874-ல், லடாக் மலைப் பயணத்தில் மூச்சுத் திணறி இறந்துபோனார். அவருக்கு லே நகரில் நினைவுத்தூண் இருக்கிறது.

பல் சொன்ன கதை

சிப்பியும் நத்தையும் இங்கே ஏராளம். காரைக்குத் தேடி வருகிறவர்களின் கண் அலைவது வேறொன்றுக்காக. இக்தியோசர்!

பெயருக்கு ‘மீன்பல்லி’ என்று அர்த்தம். டைனோசர் இல்லை, டைனோசர் காலத்தில் கடலில் வாழ்ந்த ஊர்வன. பார்க்க டால்பின் மாதிரி இருக்கும். டால்பினைப் போலவே மேலே வந்து காற்றை இழுத்துக்கொண்டு உள்ளே போகும். முட்டையிடக் கரைக்கு வராமல் தண்ணீரிலேயே குட்டி போடும். சுறா மீன் இனம், டால்பின் பாலூட்டி, இக்தியோசர் ஊர்வன. மூன்றுக்கும் உறவே கிடையாது. ஆனால், வேகமாக நீந்த வேண்டும் என்றால் உடம்பு இப்படித்தான் இருக்க வேண்டும் என்று கடல் மூன்றுக்கும் ஒரே சட்டையைத் தைத்துக் கொடுத்திருக்கிறது.

திருச்சிப் பக்கம் கிடைத்த முதுகெலும்புத் துண்டுகளை வைத்து, 1879-லேயே ரிச்சர்ட் லிடெக்கர் ‘இக்தியோசரஸ் இண்டிகஸ்’ என்று ஒரு பெயர் கொடுத்தார். (அப்போது பெரம்பலூர், அரியலூர் எல்லாம் திருச்சி ஜில்லா. பழைய ஏடுகளில் ‘டிரிச்சினாப்போலி’ என்று தேடினால்தான் நம் ஊர் கிடைக்கும்.) அந்த முதுகெலும்பை அடையாளம் கண்டுகொள்வது சுலபம். கேரம் போர்டு ஸ்டிரைக்கரைக் கொஞ்சம் தடிமனாக்கி, இரண்டு பக்கமும் கட்டை விரலால் அமுக்கிக் குழித்தது போல இருக்கும்.

அதன்பிறகு நீண்ட மௌனம். 2011-ல் லண்டனின் சார்லி அண்டர்வுட், அஞ்சலி கோஸ்வாமி, டெல்லிப் பல்கலைக்கழகத்தின் ஜி.வி.ஆர்.பிரசாத் உள்ளிட்டோர் காரை மண்ணிலிருந்து எடுத்த முதுகெலும்பிகளைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். சுறாப் பற்கள், மீன் பற்கள், கூடவே இக்தியோசர் பற்கள். ஒரு புதுச் சுறா இனத்துக்கு ‘சுதிண்டிகஸ்’ என்று தென்னிந்தியாவின் பெயரையே வைத்தார்கள். வயது, ஏறக்குறைய 10 கோடி ஆண்டுகள்.

இந்த வயதில்தான் விஷயமே இருக்கிறது. உலகம் முழுக்க இக்தியோசர்கள் சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன்பு சுத்தமாக இல்லாமல் போய்விட்டன. விண்கல் விழுந்து டைனோசர்கள் அழிந்ததற்கு இரண்டு கோடி ஆண்டுகளுக்கும் முன்பே! என்ன காரணம் என்று ஆராய்ச்சியாளர்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். கடல் சூடானது, ஆக்சிஜன் குறைந்தது, உணவுச் சங்கிலி மாறியது என்று பல பதில்கள். காரையில் நீந்தியவை அந்த வம்சத்தின் கடைசித் தலைமுறைகளைச் சேர்ந்தவை. கடைசிக் காலத்தில் எத்தனை வகை மிஞ்சியிருந்தன, எதைத் தின்றன என்று தெரிந்துகொள்ள, உலகத்தில் இருக்கும் கொஞ்சம் இடங்களில் இந்த ஓடைகளும் ஒன்று.

முழு எலும்புக்கூடு வேண்டும் என்றால் குஜராத் போக வேண்டும். கட்ச் பகுதியில் லோடாய் கிராமத்துக்குப் பக்கத்தில் ஐந்தரை மீட்டர் நீள இக்தியோசர் ஒன்று கிட்டத்தட்ட முழுசாகவே கிடைத்து, 2017-ல் உலகச் செய்தியானது. அதை அறிவித்த குழுவிலும் அதே பிரசாத் இருந்தார். அது கெட்டிப் பாறையில் உறங்கியது. காரையில் எலும்புகள் களிமண்ணில் சிதறிக் கிடக்கின்றன. ஒரு பல், ஒரு முள், ஒரு துண்டு என்றுதான் கிடைக்கும்.

மழை எழுதி, மழை அழிக்கும்

தேடுவது எப்படி? கடப்பாரை, மண்வெட்டி எதுவும் தேவையில்லை. இங்கே தோண்டும் வேலையை மழை செய்துவிடுகிறது. ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் வடகிழக்குப் பருவமழை இந்த மேடுகளின் மேல்தோலைக் கரைத்து ஓடைக்குள் இறக்கும். ஓடைகள் கடைசியில் கொள்ளிடத்தைத் தேடிப் போகின்றன. மண் போய்விடும், கனமான பல்லும் கல்லும் சரிவின் அடியில் தங்கிவிடும். மழை ஓய்ந்து மண் இறுகிய பிறகு, காலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் சரிவின் அடியோரமாக மெதுவாக நடப்பார்கள். பல்லின் பளபளப்பு அந்த வெளிச்சத்தில் தனியாகத் தெரியும்.

தட்டையாக, முக்கோணமாக, கத்தி மாதிரி ஓரம் இருந்தால் பெரும்பாலும் சுறா. கூம்பு போல உருண்டு, நீளவாக்கில் கோடு கோடாக வரி ஓடி, அடிப்பகுதி தடித்திருந்தால், அங்கேயே உட்கார்ந்துவிட வேண்டியதுதான். ஒன்று கிடைத்ததும் அப்படியே எழுந்து போகமாட்டார்கள். தண்ணீர் வந்த வழியிலேயே சரிவில் மேலே ஏறி, அது எந்த மண் அடுக்கிலிருந்து உருண்டு வந்தது என்று பார்ப்பார்கள். அந்த அடுக்கின் மண்ணை மூட்டை கட்டிக் கொண்டுபோய், தண்ணீரில் கரைத்து, மாவு சலிப்பது போலச் சலிப்பார்கள். மிஞ்சும் குருணையை லென்ஸுக்கு அடியில் பரப்பி, ஊசி முனையால் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்ப்பார்கள். மூட்டைக்கு நாலு பல் கிடைத்தாலும் லாபம்தான்.

இங்கிலாந்தின் லைம் ரீஜிஸ் கடற்கரையில் 1811-12-ல் தன் அண்ணனோடு சேர்ந்து இக்தியோசர் எலும்புக்கூட்டைக் கண்டெடுத்த மேரி ஆனிங்கின் வித்தையும் இதுவேதான். அப்போது அந்தப் பெண்ணுக்கு 12 வயதுதான் இருக்கும். குளிர்காலப் புயலில் கடலோரப் பாறை சரிந்ததும், அடுத்த அலை அடித்துக்கொண்டு போவதற்குள் ஓடிப்போய்ப் பார்ப்பாள். அங்கே புயல், இங்கே அடைமழை.

அந்த ‘அதற்குள்’தான் கஷ்டமே. இந்த வருட மழை வெளியே கொண்டுவந்த எலும்பை, யாரும் பார்க்கவில்லை என்றால் அடுத்த வருட மழை கரைத்துவிடும். வெயிலில் விரிசல், ஜிப்சம் உள்ளே புகுந்து பிளவு, ஆட்டின் குளம்பு. கோடிக்கணக்கான ஆண்டுகள் தாங்கியது இரண்டு மழைக்காலத்தில் தூளாகும்.

சும்மா சொல்லவில்லை. அரியலூர் பக்கம் கல்லமேட்டில் ஜி.எஸ்.ஐ.யின் பி.யாதகிரியும் கே.அய்யாசாமியும் 1980-களில் ஒரு பிரமாண்டமான எலும்பைக் கண்டுபிடித்தார்கள். கால் எலும்பு மட்டுமே 2 மீட்டர். ‘பிருஹத்காயோசரஸ்’ என்று பெயர் வைத்தார்கள். பெரிய உடம்புக்காரன்! உலகில் இதுவரை வாழ்ந்த மிகப்பெரிய தரை விலங்குகளில் ஒன்றாக இருக்கலாம் என்கிறார்கள் இன்றைக்கு. ஆனால், மழையும் ஈரமும் ஏறியிருந்த எலும்பு, பிளாஸ்டர் கட்டுப் போட்டும் நிற்காமல் உதிர்ந்து போய்விட்டது. மிஞ்சியவை வரைபடமும் பழைய போட்டோக்களும். அது எலும்பே இல்லை, கல்லான மரம் என்றுகூடச் சிலர் சந்தேகப்பட்டார்கள். அய்யாசாமி, இன்னொரு ஆய்வாளரோடு சேர்ந்து, கைவசம் இருந்த போட்டோக்களை 2022-ல் வெளியிட்ட பிறகுதான் அந்தப் பேச்சு கொஞ்சம் அடங்கியது.

திராவிடோசரஸ்: தரையா, கடலா?

இதே இருவர் 1979-ல் அரியலூர் பகுதியிலிருந்து அறிவித்த இன்னொரு பிராணிக்கு ‘திராவிடோசரஸ் பிளான்ஃபோர்டி’ என்று பெயர். திராவிட நாட்டுக்கு ஒரு மரியாதை, பிளான்ஃபோர்டுக்கு ஒரு மரியாதை. முதுகில் வரிசையாகத் தகடு நிற்கும் ஸ்டெகோசர் வகை டைனோசர் இது என்றார்கள். அந்த வகை உலகின் மற்ற இடங்களில் வெகு காலம் முன்பே அழிந்துவிட்டது. ஆக, உலகின் கடைசி ஸ்டெகோசர் நம்ம ஊர்க்காரர்!

1996-ல் சங்கர் சாட்டர்ஜியும் தீரஜ் ருத்ராவும் வந்து இந்தப் பெருமையில் கை வைத்தார்கள். இடத்துக்கே போய்ப் பார்த்து, இது தரையில் நடந்த டைனோசரே அல்ல. நீண்ட கழுத்தும் நான்கு துடுப்பும் கொண்ட பிளீசியோசர் என்ற கடல் ஊர்வன என்றார்கள். கிடைத்தது கடல் படிவுப் பாறை என்பதால் அந்த வாதத்துக்குப் பலம் இருந்தது. ஆனால், மண்டையோடும் தகடும் இருப்பதாக முதலில் சொன்னவர்கள் எழுதியிருக்கிறார்களே என்று மறுதரப்பு விடவில்லை. கடல் படிவில் தரைப் பிராணி கிடைப்பதும் நடக்காத காரியமல்ல. காரைக்குப் பக்கத்திலேயே சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிப் படுத்திருக்கிறதே ஒரு மரம், அது ஆற்றோடு வந்து கடலில் மூழ்கி, மண் மூடிக் கல்லானதுதான். 1940-ல் அதைக் கண்டறிந்தவர் எம்.எஸ்.கிருஷ்ணன். பின்னாளில் ஜி.எஸ்.ஐ.யின் முதல் இந்திய இயக்குநரானவர். மரம் மிதந்து வந்த மாதிரி ஒரு டைனோசர் பிணமும் மிதந்து வந்திருக்கலாம் இல்லையா?

எலும்புகள் மிகவும் சிதைந்திருப்பதால் சண்டை சுலபத்தில் தீரவில்லை. அதே இடத்தில், அதே அடுக்கில் இன்னொரு நல்ல எலும்பு கிடைத்தால் ஒரே நாளில் தீர்ப்பு வந்துவிடும். அப்படி ஒன்று இந்நேரம் யார் வீட்டு ஷோகேஸிலாவது உட்கார்ந்திருந்தால்? மிகைப்படுத்திச் சொல்வதல்ல. எங்கே, எந்த அடுக்கில் எடுத்தது என்று தெரியாத பல், ஆராய்ச்சிக்கு அஞ்சல் முத்திரை இல்லாத கடிதம். அழகாக இருக்கும், எங்கிருந்து, எப்போது என்று சொல்லாது.

‘டைனோசர் முட்டையா?’

பெரம்பலூர் பக்கம் குனிந்து கல் பொறுக்கும் யாரைப் பார்த்தாலும் வரும் முதல் கேள்வி இதுதான். 2020 அக்டோபரில் குன்னத்தில் குளம் தூர்வாரியபோது உருண்டை உருண்டையாகக் கற்கள் வெளியே வர, ‘டைனோசர் முட்டை’ என்று வாட்ஸ்அப் தீப்பிடித்தது. கூட்டம் கூடியது. வந்து பார்த்த புவியியலாளர்கள், இவை அம்மோனைட் போன்ற கடல் உயிரிகளைச் சுற்றி மண் இறுகி உருண்டையானவை என்று விளக்கினார்கள். அவ்வளவுதான், கூட்டம் கலைந்துவிட்டது. முட்டை இல்லை என்றதும் வந்த ஏமாற்றத்தில், ஏரிக்குள் கடல் இருந்தது என்ற செய்தியை யாரும் ஃபார்வர்டு செய்யவில்லை.

அரியலூர்ப் பக்கம் கதை கொஞ்சம் சிக்கல். கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல் என்பதே கோடிக்கணக்கான கடல் சிப்பிகள் அடுக்கப்பட்டதுதான். அந்தக் கல் இருப்பதால்தான் மாவட்டம் முழுக்க சிமென்ட் ஆலைகள். அவற்றை நம்பித்தான் பல ஆயிரம் குடும்பங்கள். சுரங்கம் வெட்டாமல் இருந்திருந்தால் அடியில் இருந்த எத்தனையோ புதைபடிவங்களை யாரும் பார்த்திருக்கவே முடியாது என்பது உண்மை. வெட்டியதில் பெரும்பகுதி அரவை மில்லுக்குள் போய்விட்டது என்பதும் உண்மை. தமிழ்நாட்டில் சிமென்ட் வீட்டில் குடியிருக்கும் நம்மில் பலருடைய சுவரிலும் கொஞ்சம் அரியலூர்க் கடல் இருக்கலாம்.

சட்டம் என்ன சொல்கிறது? கோயில் சிலைக்கு இருக்கும் பாதுகாப்பு, கல்லான பல்லுக்கு இல்லை. காரை - கொளக்காநத்தம் பகுதியையும் சாத்தனூர் மரத்தையும் ஜி.எஸ்.ஐ. தன் புவியியல் பாரம்பரிய இடங்களின் பட்டியலில் வைத்திருக்கிறது. மரத்துக்கு வேலி இருக்கிறது. காரை மேடுகளுக்கு வேலி போடவும் முடியாது. இப்படிப்பட்ட இடங்களுக்கென்றே ஒரு வரைவு மசோதாவை மத்தியச் சுரங்க அமைச்சகம் 2022 டிசம்பரில் பொதுமக்கள் கருத்துக்கு விட்டது. அதிகாரம் முழுவதும் ஒரே துறையின் கைக்குப் போய்விடும், கல்லூரி ஆராய்ச்சியாளர்கள் ஒவ்வொன்றுக்கும் அனுமதிக்கு அலைய வேண்டியிருக்கும் என்ற எதிர்ப்பு ஆராய்ச்சி உலகத்திலிருந்தே வந்தது. அது இன்னும் சட்டமாகவில்லை.

போவதென்றால்...

மார்கழி முதல் மாசி வரை நல்ல காலம். சித்திரையில் போனால் ஒதுங்க ஒரு நிழல் கிடையாது. மழை நாளில் போகவே கூடாது; அந்தக் களிமண் செருப்பை மட்டுமல்ல, ஆளையே பிடித்து வைத்துக்கொள்ளும். தண்ணீர் பாட்டிலும் தொப்பியும் கட்டாயம். குழந்தைகளைத் தாராளமாக அழைத்துப் போகலாம். பெரியவர்களைவிட அவர்கள் கண்ணுக்குத்தான் சின்னப் பல் முதலில் படும், தரைக்குக் கிட்ட இருப்பவர்கள் அவர்கள்தானே!

சுத்தியல் வேண்டாம். ஏதாவது கிடைத்தால் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து, போனில் லொகேஷனை ஆன் செய்து, நாலு பக்கமும் படம் எடுங்கள். மேட்டையும் சேர்த்து ஒரு படம். எலும்பு மாதிரித் தெரிந்தால் அரியலூர் பக்கம் வாரணவாசியில் இருக்கும் அரசுப் புதைபடிவ அருங்காட்சியகத்துக்கோ, ஜி.எஸ்.ஐ.க்கோ, அருகில் உள்ள கல்லூரிப் புவியியல் துறைக்கோ அனுப்பலாம். காரையில் எதுவும் கண்ணில் படவில்லை என்றாலும் வாரணவாசியில் ஒரு மணி நேரம் செலவழித்துவிட்டு வாருங்கள். முதலில் அங்கே போய்ப் பார்த்துவிட்டுக் காரைக்கு வந்தால் இன்னும் நல்லது. கல்லுக்கும் எலும்புக்கும் வித்தியாசம் கண்ணுக்குப் பழகியிருக்கும்.

சாயங்காலம் ஆட்டு மந்தை ஊருக்குத் திரும்பும்போது, சரிவிலிருந்து சரளைகள் சலசலவென்று ஓடைக்குள் உருள்கின்றன. ஐப்பசி மழைக்கு மேடுகள் இன்னும் கொஞ்சம் கரையும். சேறு காய்ந்து கால் வைக்கிற பதம் வந்ததும், சட்டைப் பையில் ஒரு லென்ஸோடு யாராவது பாடாலூரில் பஸ்ஸை விட்டு இறங்குவார்கள்.